உறைகோழி லோரியும் உருகும் பனியும்

பனியில் ஓடப் பழகுவதற்காக நான் உறைகோழி லோரிக்குள் ஏறினேன். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மலாக்காவில், புலாவ் செபாங்கில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, குளிர் என்றால் கடை ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு ஐஸ்கிரீம் துழாவும்போது விரல் மரத்துப்போகுமே, அது ஒன்றுதான் என்று நாற்பத்து நான்கு வயது வரை இருந்தவள் பனிக்கு வேறு எங்கே போய்ப் பழகுவது?

லோரி என் கணவருடையது. விடியற்காலையில் கிளம்பி, அலோர் காஜாவிலிருந்து கிளேபாங் வரை சாப்பாட்டுக் கடைகளுக்கு உறைந்த கோழியை இறக்கிவிட்டு, மத்தியானம் எங்கள் தாமான் குடியிருப்புக்குக் கொண்டுவந்து வீட்டோரமாக நிறுத்துவார். நான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். கடைசிப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்ததும் இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் அவருடைய மழைக்கோட்டு, காதை மூடும் கம்பளித் தொப்பி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, மண்டையைப் பிளக்கும் வெயிலில் லோரியின் பின்படியில் ஏறுவேன். அவர் குளிர் மெஷினைப் போட்டுவிட்டு, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு கட்டையைக் கொடுத்து வைத்திருப்பார். உள்ளே காலிக் கூடைகளுக்கு நடுவில் நின்ற இடத்திலேயே ஓடுவேன். மூச்சு புகையாக வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

வெளியிலிருந்து அவ்வப்போது தகரத்தைத் தட்டுவார்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"மூக்கு?"

"அதுவும் இருக்கு. தட்டாம சும்மா இருங்க, மூச்சு தப்புது."

நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா துணி காயப்போட வந்தவர், லோரி தானாகக் குலுங்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே என்ன என்று விசாரித்தார். "என் வைஃப். வின்டர் டிரெய்னிங்," என்றார் கணவர், ரொம்ப சாதாரணமாக. மக்சிக் லோரியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். பிறகு கதவு இடுக்கில் எட்டிப் பார்த்து, "ஹாத்தி-ஹாத்தி லா," பார்த்துப் பத்திரம் என்று எனக்குச் சொல்லிவிட்டு, துணியைக்கூடக் காயப்போடாமல் போய்விட்டார்.

இதெல்லாம் என் தங்கச்சி இழுத்துவிட்ட வேலை. அவள் ஜப்பானின் வடக்கே ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். வருஷக் கடைசியில் ஒரு நாள் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க பிப்ரவரி கடைசியில ஒரு டிரேல் மாரத்தான் இருக்கு. தார் ரோடு இல்ல, மலைப் பாதை. முழுக்க ஸ்னோ. நான் பேர் குடுக்கப் போறேன். உனக்கும் சேத்துக் குடுத்துடட்டா?"

"எனக்கு மண்ணுலயே வரல. இதுல ஸ்னோ வேறயா?"

"கட்-ஆஃப் டைம் ரொம்ப லூசா வச்சிருக்காங்க. பாதி நடந்து முடிக்கிறவங்ககூட இருக்காங்க. உன்னால முடியும் லா."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் கவிழ்ந்தேன். ஏனென்றால் அதுவரை என்னால் முடிந்ததே இல்லை. நாற்பத்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மூன்று தடவை பேர் கொடுத்து, மூன்று தடவையும் வேனில் திரும்பி வந்தவள் நான். பெரிய ஓட்டங்களில் வழியில் அங்கங்கே செக்பாயிண்ட் வைத்திருப்பார்கள். குறித்த நேரத்துக்குள் அதைத் தாண்ட வேண்டும். தாண்டாதவர்களைப் பின்னால் வரும் வேன் அள்ளிக்கொள்ளும். முதல் தடவை எனக்கு வயிற்றுப் பிடிப்பு. இரண்டாம் தடவை மழையில் விழுந்து முட்டி வீங்கிவிட்டது. மூன்றாம் தடவை ஒரு காரணமும் இல்லை. வெறுமனே மெதுவாக ஓடினேன். அதுதான் அதிகமாக வலித்தது.

வேனில் ஏறுவது மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அது தனி அவமானம். நான் தினமும் வேன் ஓட்டுகிறவள். பின் சீட்டில் ஈரக் கால்சட்டையோடு உட்கார்ந்து, ஓட்டுகிறவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு வருவது எப்படி இருக்கும் என்பதை என் வேன் பிள்ளைகளிடமிருந்து தெரிந்துகொண்டிருந்தேன். பிறகு சொந்தமாகவும் தெரிந்துகொண்டேன். மூன்றாம் தடவை ஓட்டியவர் நல்ல மனுஷர். ஒரு பொட்டலம் பிஸ்கட்டை நீட்டி, "பரவால்லக்கா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து நான் பேசுவதும் அச்சு அசல் அதே குரலில்தான். வந்த கோபத்தில் அந்தப் பிஸ்கட்டை வழியில் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்துதான் தின்றேன்.

மறுநாள் என் வேன் பிள்ளைகளே கேட்டார்கள். "ஆன்ட்டி, போறப்ப ஓடிப் போயிட்டு வர்றப்ப வேன்ல வந்தீங்களாமே?" சிரித்துவைத்தேன். உள்ளே எரிந்தது. முதலாவதாக வர வேண்டும் என்ற பேராசையெல்லாம் எனக்குக் கிடையாது. ஒரே ஒரு தடவை, அந்தத் தூரத்தை முழுசாக என் கால் மேலேயே முடித்துவிட வேண்டும். இந்தப் பனி ஓட்டத்திலும் வேனில் ஏறினால் இனிமேல் ஓடுவதில்லை, காலில் மாட்டி ஓடும் சப்பாத்தை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று கணவரிடம் சொன்னேன்.

"உன் சைஸ் சப்பாத்து இந்த ஊருல யாருக்குப் பத்தும்?" என்றார் அவர். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அதனால்தான் லோரி. அதோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கிளேபாங். கடலைத் தூர்த்த இடத்தில் மணல் மேடாகக் கிடக்கும். அதில் என்னை ஓடவிடுவார். "பனியில கால் புதையுமாம். மணல்லயும் புதையுது. ரெண்டும் ஒன்னுதான்" என்பது அவருடைய ஆராய்ச்சி. ஆராய்ச்சி செய்தவர் ரோட்டோரக் கடையில் தேங்காய் ஷேக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மற்ற நாட்களில் வீட்டுக்குப் பின்னால் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் ஓடினேன். மழை விட்டும் விடாமலும் இருந்த சமயம். பழம் ஏற்றும் டிராக்டர் போன பள்ளங்களில் செம்மண் குழம்பாக நிற்கும். கால் கணுக்கால் வரை உள்ளே போய், எடுக்கும்போது சத்தம் போடும். அதை நான் பயிற்சியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சேறு என்ன பெரிய சேறு, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மிதிக்கிறோம். லோரிதான் உண்மையான பயிற்சி என்று நம்பினேன். பனி என்றால் குளிர். குளிரைத் தாங்கிவிட்டால் பனியைத் தாண்டிவிடலாம். நாங்கள் இரண்டு பேரும் கூடி யோசித்துக் கண்டுபிடித்தது அவ்வளவுதான்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, எங்களோடு இருக்கும் அம்மா நாட்காட்டியைப் பார்த்தார்.

"அன்னிக்கு மாசி மகமாச்சே," என்றார்.

எனக்குத் திக்கென்றது. கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு மாசி மகம் தவறாமல் பால்குடம் எடுக்கிறவள் நான். மஞ்சள் புடவை, வெறுங்கால், கொதிக்கும் தார் ரோடு, முன்னால் உறுமி மேளம், இரண்டு பக்கமும் காவடிக்காரர்களின் ஆட்டம். இடிக்கிற கூட்டத்தில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடத்தைக் கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ஓட்ட நாளைக் குறித்துக்கொண்ட அவசரத்தில் அதை யோசிக்கவே இல்லை.

"சாமி கோச்சுக்காதும்மா," என்றேன்.

"சாமி கோச்சுக்காது. நான் கோச்சுக்குவேன்."

சொன்னபடியே கோபித்துக்கொண்டார். வீட்டில் சில நாள் தட்டும் கரண்டியும்தான் பேசின. ஒரு நாள் சாப்பிடும்போது கணவர், சோற்றைப் பிசைந்துகொண்டே, "இந்த வருஷம் அவ குடத்த நான் எடுக்கறேன் அத்தை," என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா?"

"நான்தான்."

"விரதம் இருக்கணும். கவிச்சி ஆகாது."

"இருந்துட்டாப் போச்சு."

எங்கள் பக்கத்திலேயே கோழியை அதிகமாக விரும்பிச் சாப்பிடுகிற ஆள் அவர். அப்படிப்பட்டவர் ஒரு வாரம் முழுக்கக் கோழியை ஏற்றி, கோழியை இறக்கி, கையெல்லாம் கோழி வாடையோடு வந்து குளித்துவிட்டு, தயிர் சாதமும் பயத்தங்காய்ப் பொரியலும் சாப்பிட்டார். நான் இல்லாத நாட்களில் என் வேனையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்காக இவ்வளவு செய்கிறவரிடம் போய், திரும்பவும் வேனில்தான் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? விமானத்தில் ஏறியபோது எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான். பனி பற்றியெல்லாம் பயமே இல்லை.

ஐந்து அடுக்கு உடுப்போடு போய் இறங்கினேன். தங்கச்சி மெல்லிய ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்னாக்கா இது, அலமாரியையே மாட்டிக்கிட்டு வந்துட்டியா? இந்த வருஷம் இங்க சீக்கிரமே சூடு வந்துடுச்சு. பனியெல்லாம் உருகுது."

வழியெல்லாம் கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரோட்டோரத்தில் பனி குவிந்து கிடந்தது. காரை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். வாழ்க்கையில் முதன்முதலாகத் தொடுகிறேன். சீவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கதை பேசிவிட்டால் கிண்ணத்தில் மிச்சம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்ப குளிரே இருக்காதா?" என்று கேட்டேன்.

"காலையில இருக்கும். அப்பறம் தண்ணிதான். அதான்க்கா பிரச்னை. நல்ல குளிர்னா பனி கெட்டியா கிடக்கும், மேலேயே ஓடிடலாம். இப்ப கால் உள்ள போகும்."

மூக்கு நுனி மரத்துப்போக நான் கோழிக் கூடைகளுக்கு நடுவில் ஓடிய அத்தனை மத்தியானமும் கண்முன் வந்து நின்றது. கணவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப நான் லோரியில ஹீட்டர்தான் போட்டிருக்கணுமோ?" என்றார்.

ஓட்டத்தன்று காலை, மலையடிவாரத்து ஊரில் சில நூறு பேர் கூடியிருந்தோம். மூச்சு எல்லார் வாயிலிருந்தும் புகையாக வந்தது. எனக்குப் பழக்கமான புகை என்று சொல்லிக்கொண்டேன். சப்பாத்தின் அடியில் மாட்டிக்கொள்ள ஆணி வைத்த சங்கிலி ஒன்றைத் தங்கச்சி கொடுத்தாள். அவள் என்னைவிட நல்ல ஓட்டக்காரி. "நான் உனக்காக நிக்க மாட்டேன். நீயும் என்னையத் தொரத்தாத. முடியுற கோட்டுல பாப்போம்," என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். அங்கே புலாவ் செபாங்கில் இந்நேரம் கணவர் தலைக்குக் குளித்துவிட்டு மஞ்சள் வேட்டியைக் கட்டத் தெரியாமல் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். கொம்பு ஊதினார்கள். ஓடினோம்.

ஆரம்பம் அற்புதமாக இருந்தது. இராத்திரிக் குளிரில் பனி இறுகியிருந்தது. ஆணிகள் கறுக் கறுக்கென்று பிடித்தன. இரண்டு பக்கமும் இலையில்லாத வெள்ளை மரங்கள். அவற்றுக்கு நடுவில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு மலாக்காக்காரி ஓடுகிறாள் என்று நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் ஓடினேன். முதல் செக்பாயிண்டை நிறைய நேரம் கையில் இருக்கவே தாண்டினேன். அங்கே சுடச்சுட ஏதோ சூப் கொடுத்தார்கள். இன்றைக்கு முடித்துவிடுவேன் என்று அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு வெயில் வந்தது.

முதலில் தொப்பியைக் கழற்றினேன். அப்புறம் ஒரு ஸ்வெட்டர். அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றையும் இடுப்பில் கட்டிக்கொண்டதில் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி ஆனேன். வியர்வை கண்ணில் வழிந்தது. பனி நாட்டில் வந்து வெயிலுக்கு வேர்த்துச் சாகிறேனே என்று எரிச்சல் வேறு. ஆணிச் சங்கிலியில் ஈரப்பனி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டு, பொய்க்கால் கட்டியவள் மாதிரி தள்ளாட வைத்தது. அதையும் கழற்றிப் பையில் போட்டேன். அதன் பிறகு கால் புதைய ஆரம்பித்தது. ஐந்தாறு அடி ஓடுவேன், ஒரு கால் முட்டி வரை உள்ளே போகும். இழுத்து எடுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஓடினால் அடுத்த கால். பனிக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சப்பாத்துக்குள் அது புகுந்தபோது வாய்விட்டுக் கத்தினேன். முன்னால் போனவர்கள் எல்லாரும் எப்படியோ தாவித் தாவிக் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள்.

இரண்டாவது செக்பாயிண்டை மூட நான்கைந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். அங்கே அது நின்றுகொண்டிருந்தது. வெள்ளை வேன். பக்கக் கதவு திறந்திருந்தது. சீட்டின் மேல் ஒரு போர்வை அழகாக மடித்து வைத்திருந்தது. ஓட்டுகிறவர் என்னையும் என் கால்களையும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எல்லா நாட்டு வேன்காரர்களுக்கும் ஒரே பார்வைதான். நான் தண்ணீரைக்கூட நின்று குடிக்காமல் மலைப் பாதையில் இறங்கிவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஆள் வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட அறுபது வயசு மதிக்கத்தக்க ஒருவர். வழி காட்டுவதற்காக மரங்களில் கட்டியிருந்த ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கடைசி ஆளுக்குப் பின்னால் வந்து பாதையைக் காலி செய்கிறவர். கடைசி ஆள் நான். நான் ஒரு மரத்தைத் தாண்டியதும் அந்த மரத்தில் அடையாளம் இல்லாமல் போயிற்று. வலது பக்கம் பள்ளத்தில் வண்டி ரோடு தெரிந்தது. அதில் அந்த வெள்ளை வேன், எனக்கு இணையாக, அவசரமே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது.

ஓடினேன். புதைந்தேன். எழுந்து ஓடினேன். ஒரு சரிவில் இரண்டு காலும் ஒன்றாக உள்ளே போய், தொடை வரை பனியில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. பனியைத் திட்டினேன். தங்கச்சியைத் திட்டினேன். லோரியை, குளிர் மெஷினை, செத்துப்போன கோழிகளைக்கூட விடவில்லை. எல்லாம் சுத்தத் தமிழில். பெரியவர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஓய்ந்த பிறகு அருகே வந்து, கைக்கடிகாரத்தைக் காட்டினார். பிறகு கீழே ரோட்டைக் காட்டினார். கேள்வியாகத் தலையைச் சாய்த்தார்.

வேன் கீழே நின்றுவிட்டிருந்தது.

ஊரில் இந்நேரம் குடங்கள் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்து, பால் ஊற்றி முடித்து, எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள். என் குடத்தை அந்த மனுஷர் எப்படித் தூக்கிக்கொண்டு போனாரோ. லோரியிலிருந்து இறங்குகிற மாதிரி திம் திம்மென்று நடந்தால் பால் ஒரு தெரு தாண்டாதே, பாதம் முழுசாகப் படியணும், முட்டியைத் தளர்த்திவிடணும், இடுப்புக்கு மேல அசையவே கூடாது, சின்னச் சின்ன அடியா வைக்கணும், முக்கியமா நிக்கவே கூடாது, நின்னு கிளம்புறப்பதான் சிந்தும் என்று அவருக்குப் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

பனிக்குள் உட்கார்ந்தபடி அதை நினைத்தவள், அப்படியே கொஞ்ச நேரம் என் கால்களைப் பார்த்தேன்.

எழுந்தேன். இரண்டு கையையும் தூக்கித் தலைக்கு மேல் இல்லாத குடத்தைப் பிடித்துக்கொண்டேன். பாதத்தை முழுசாகப் பதித்து, மெதுவாகப் பாரத்தை அதன் மேல் இறக்கினேன். பனி கொஞ்சம் அமுங்கி, தாங்கியது. அடுத்த கால். அதுவும் தாங்கியது. அதற்கடுத்தது கணுக்கால் வரை போனது, போகட்டும், செம்பனைத் தோட்டத்தில் போகாத ஆழமா. குதித்துக் குதித்து ஓடியபோதெல்லாம் நானேதான் பனியைக் குத்தி உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முதுகெல்லாம் சிலிர்த்தது. நடக்கிறேன், நிற்காமல் நடக்கிறேன்.

அதன் பிறகு என்னைப் பிடித்துக்கொண்ட உற்சாகத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வேகம் பெரிதாக இல்லை. ஆனால் ஓடி, புதைந்து, நின்று, மூச்சு வாங்கி வீணாக்கிய நேரமெல்லாம் இப்போது அடியாக மாறியது. தண்ணீர் ஓடும் இடம் எது, மேலே கெட்டியாகவும் அடியில் பொத்தலாகவும் இருக்கும் இடம் எது என்று கண்ணுக்குப் பிடிபட ஆரம்பித்தது. சேற்றில் நான் பார்க்கிற அதே பார்வைதான். ஏற்றம் வந்தால் "அரோகரா" என்று சொல்லிக்கொண்டு ஏறினேன். சத்தமாகவே சொன்னேன். யார் இருக்கிறார்கள் கேட்க?

பெரியவர் இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் வந்து, என் கைகளைக் காட்டி என்ன என்று சைகையில் கேட்டார்.

"மில்க்," என்றேன். "மில்க். டெம்பிள்."

தீவிரமாக யோசித்தார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவி, ஒரு பால் மிட்டாயை எடுத்துப் பிரித்து நீட்டினார். கையை இறக்க முடியாது என்று தலையாட்டினேன். வாயைத் திற என்று காட்டினார். பெற்ற தகப்பன் ஊட்டுகிற மாதிரி வாயில் போட்டார். போன தடவை வேனில் கொடுத்த பிஸ்கட்டு ஞாபகம் வந்தது. இதைச் சந்தோஷமாகச் சப்பிக்கொண்டே நடந்தேன்.

கடைசி செக்பாயிண்டில் இருந்தவர்கள் மேசையை மடிக்கத் தொடங்கியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்து, அவசரமாக என் எண்ணைக் குறித்துக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டினார்கள். ஓடையைத் தாண்டும் ஒரு குறுகலான மரப்பாலத்தில் பனி சொதசொதவென்று கிடந்தது. தாண்டிய பிறகு, பெரியவர் வழுக்கிவிடப் போகிறாரே என்று திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்து வந்துகொண்டிருந்தார். கையில் சுற்றிய ரிப்பன்கள் காதோரம் தொங்கின. பாலம் முடிந்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை.

ஊர் தெரிந்தது. தெருவெல்லாம் உருகிய தண்ணீர். முடிவுக் கோட்டுக்கு மேலே பெரிய கடிகாரம். அதன் கடைசி நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எப்போதோ முடித்துவிட்டிருந்த தங்கச்சி, போர்வையை உதறிப் போட்டுவிட்டு எதிரே ஓடி வந்தாள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

"அக்கா, டைம் இல்லக்கா. கைய எறக்கிட்டு ஓடுக்கா."

"எறக்க மாட்டேன். சிந்திடும்."

"என்னா சிந்திடும்?"

கையை இறக்காமலேயே, அடியை மட்டும் வேகமாக்கினேன். கோவில் வாசல் தெரிந்ததும் மேளம் வேகமெடுக்குமே, அப்போது நாங்கள் எல்லாரும் நடப்பதும் ஓட்டமாகிவிடும். அப்படித்தான் போனேன். கோட்டைத் தாண்டியபோது இரண்டு பக்கமும் நின்றவர்கள், நான் வெற்றியில் கையைத் தூக்கியிருப்பதாக நினைத்துக்கொண்டு படபடவென்று தட்டினார்கள். கடிகாரம் நிற்கவில்லை, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இன்னும் நேரம் மிச்சம் இருந்தது. அப்போதுதான் கையை இறக்கினேன். தோள் இரண்டும் விட்டுப்போயிருந்தன. தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, வெட்கமே இல்லாமல், சத்தம் போட்டு அழுதேன்.

அவளே போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாள். கணவர் முகம் வந்தது. தலை எண்ணெய் வைத்த மாதிரி படிந்திருந்தது.

"முடிச்சுட்டேங்க," என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குடம்?" என்றேன்.

"போய்ச் சேந்துச்சு. பாதி சாமிக்கு, பாதி என் தலைக்கு. நீ சொன்னது ஒன்னும் ஞாபகம் வரல. அத்தை பக்கத்துலயே வந்து வழியெல்லாம் திட்டிக்கிட்டு வந்தாங்க."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "காலு ஈரமா இருக்கும், மொதல்ல தொடைக்கச் சொல்லுங்க."

பெரியவர் ரிப்பன் சுருளை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, என் முன்னால் வந்து குனிந்து வணங்கினார். நான் கைகூப்பினேன். அவருக்குப் பின்னால் பாதையில் இனி யாரும் இல்லை. கடிகாரத்தை இறக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் வேன் வந்தது. மெதுவாகத் தெருத் தண்ணீரில் உருண்டு வந்து என் பக்கத்தில் நின்றது. ஓட்டுகிறவர் இறங்கி வந்து பக்கக் கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே ஒருவரும் இல்லை. சீட்டின் மேல் அந்தப் போர்வை காலையில் மடித்தபடியே பிரிக்காமல் இருந்தது. குளிக்கவும் உடுப்பு மாற்றவும் வைத்திருந்த கூடம் தெருக்கோடியில் இருந்தது. அவர் அதைக் காட்டி, ஏறிக்கொள்ளுங்கள் என்று சைகை செய்தார். சீட்டில் கையை வைத்துப் பார்த்தேன். ஹீட்டரில் கதகதவென்று இருந்தது.

"வேணாம்ணே," என்றேன் தமிழிலேயே. "நான் நடந்தே வந்துடறேன்."

அவர் என்னைப் பார்த்தார், என் கால்களைப் பார்த்தார், சிரித்தார். கதவைச் சாத்திவிட்டு, காலி வேனை ஓட்டிக்கொண்டு போனார்.